சிறியாநங்கையும் ஒரு கிண்ணம் பாயசமும்

‘சும்மா உட்கார்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும். அந்த ஆனி மாதம் பூராவும் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் அதையேதான் சொன்னார்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு என்னை அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டி வந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கணவர் பம்பாயில். நானும் அங்கேதான் ஒரு ஆபீசில் வேலை பார்த்தேன். மின்சார ரயிலை ஓடிப் பிடித்து, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி வந்து பழகிய உடம்பு. அதைக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் வைத்து, காலுக்கு ஒரு முக்காலியும் போட்டு, ‘அசையாதே’ என்றால் என்ன செய்யும்? தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவரிடம் பேசுவது ஒன்றுதான் வெளியே போகும் வேலை. அங்கேயும் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டு வருவேன்.

ஆனி ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டிலுள்ள கதவையெல்லாம் படார் படாரென்று சாத்தும். மலைமேல் மேகம் கட்டி நிற்கும். ஊருக்குள் நாலு தூற்றல் போடும். போட்டதையும் காற்றே துடைத்துக்கொண்டு போய்விடும். அந்தக் காற்றைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அதை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு விதி உண்டு, விதிப்படி நடந்தால் கெடுதல் வராது என்பது அவர் மதம். சைவம் அதற்கு அடுத்தபடிதான். அவருக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தது என் கல்யாணத்துக்கு முன்னால். அன்றைக்கு டாக்டரிடம் கூடப் போனவள் நான். அப்பாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அந்த டாக்டருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். நினைவு இருக்கும்போதே இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரன் பையில் மிட்டாயை வைத்துக்கொண்டு அலைந்தால் ஊர் சிரிக்கும் என்று அப்பா வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

அம்மா செய்ததோ அதைவிட. வீட்டில் சீனியே இருக்கக்கூடாது என்று முடிவுகட்டிவிட்டாள். சீனி டப்பாவில் இப்போது கடுகு இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி எனக்கும் சேர்த்துத்தான் சீனி இல்லாத காப்பி. கேட்டால், ‘அப்பாவுக்கு ஆசை காட்டப்படாது’ என்பாள்.

இந்த வீட்டுக்குள்தான் சிறியாநங்கைச் செடி வந்தது. நான் பம்பாயில் இருந்தபோதே வந்துவிட்டது. அப்பாவோடு வாய்க்கால் கரையில் காலையில் நடக்கிற ஒருவர், விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, அப்பாவுக்கும் அண்ணாச்சி. அவருக்கும் லேசாகச் சர்க்கரை இருந்தது. இந்த இலையைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று சொல்லி, நாலு நாற்றை வாழை மட்டையில் சுற்றி அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். நாற்றைக் கொடுத்தவர் முறையையும் சேர்த்துத்தான் கொடுத்தார்: பிள்ளைத்தாய்ச்சி திங்கக்கூடாது, வெறும் வயிற்றில் நிறையத் திங்கக்கூடாது, ஒரு மண்டலம் தின்றால் கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும். அப்பா இதில் முதலாவதை மட்டும் எனக்காக ஞாபகம் வைத்திருந்தார்.

நான் வந்தபோது செடிகள் புறவாசல் மதிலை ஒட்டி முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றன. பார்க்க மிளகாய்ச் செடி மாதிரி இருக்கும். தண்டைத் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும், உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும். பூ மிகச் சின்னது, வெள்ளையில் கத்தரிக் கலரில் ஒரு கீற்று. சில பேர் இதைத்தான் நிலவேம்பு என்பார்கள். அது வேறே, இது வேறே என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. கசப்பில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் இல்லையா? இதைத் தின்றால் அன்றைக்கு எதுவும் இனிக்காது. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

உட்கார முடியாதவளுக்கு ஒரு சாக்கு வேண்டுமே. தண்ணீர் ஊற்றுகிறேன் என்று புறவாசலுக்குப் போக ஆரம்பித்தேன். அம்மா முதலில் தடுத்தாள், தொடவே கூடாது என்றாள். தின்னக் கூடாது என்றுதானே சொன்னார்கள், தொட்டால் பிள்ளைக்குக் கசக்குமா என்று நான் கேட்டதும் செம்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சிறியாநங்கைக்கு ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கினால் ஆகாது. வெயில் வேண்டும், ஆனால் உச்சி வெயில் கூடாது. முருங்கை நிழல் பாதி நாளைக்கு அதன் மேல் விழுந்தது நல்லதாகப் போயிற்று. காய்கள் மெலிந்து நீளமாக இருக்கும். பழுத்துக் காய்ந்துவிட்டால் தானாக வெடித்து விதையைத் தூர வீசிவிடும், அதனால் பழுப்பு நிறம் தட்டும்போதே பறித்து ஒரு துணியில் முடிந்து வைக்க வேண்டும். நான் அப்படி முடிந்துவைத்த விதையை மணலோடு கலந்து ஓர் உடைந்த தொட்டியில் தூவி, மேலே லேசாக மண் போட்டு, வைக்கோல் மூடி, தினமும் கையால் தண்ணீர் தெளித்தேன். முளைக்கிறதா என்று பார்க்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வைக்கோலை நீக்கிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் எது முளைக்கும் என்று அம்மா கேட்டாள். அப்படியும் முளைத்தது.

அப்பா தினமும் விடிகாலையில் புறவாசலுக்கு வந்து இலை பறிப்பார். ஆரம்பத்தில் நாலைந்து இலைதான் தின்றாராம். பங்குனியில் ரத்தம் சோதித்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைப் பாராட்டினார். அப்பா அந்தப் பாராட்டை அப்படியே இலைக்குக் கொடுத்துவிட்டார். இலை ஒரு கைப்பிடி ஆயிற்று. மாத்திரையும் குறையவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. டாக்டரிடம் இலையைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். வீட்டில் துவையல் அரைப்பதையெல்லாம் டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா என்று திருப்பிக் கேட்டார். விடாமல் பிடித்துக்கொண்டேன். அவரும் தாலுகா ஆபீஸ் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

“மாத்திரை அவன் வைத்தியம். இலை நம்ம வைத்தியம். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாதுளா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே நடக்கவும் விடவில்லை, இதையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வளையல் எல்லாம் கலகலக்க வீட்டுக்குள்ளேயே முன்வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்தேன். ‘இங்கன ஒரு எடத்துல இருக்கமாட்டியா’ என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா எல்லா அமாவாசையும் விரதம் இருப்பவர். மற்ற மாதங்களில் ஊர்ப் படித்துறையிலேயே குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வெயில் ஏறுமுன் வந்துவிடுவார். சீக்கிரம் படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அவரும் சாப்பிட்டுவிடுவார். ஆடி அமாவாசைக்கு மட்டும் பாபநாசம் போயாக வேண்டும். அவர் அப்பா போனார், இவரும் போனார். அதிலே மாற்றம் கிடையாது.

அன்று விடியுமுன் எழுந்தார். இலை பறித்து மென்றார். முகம் கோணவில்லை, அவ்வளவு பழகியிருந்தது. பிறகு மாத்திரையை எடுத்தார். நான் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். ஒன்று சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள், இல்லையென்றால் வந்து சாப்பிடும்போது போடுங்கள். விரதத்துக்கு விலக்கானது சோறுதான், மருந்து இல்லை என்று சொல்லி விழுங்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். விதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரிதான். விதியை எழுதியவர்கள் காலத்தில் சர்க்கரை மாத்திரை இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஆற்றில் தலை வைக்கவும் இடம் இருக்காது. பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று அம்மா நினைத்தாள். உச்சி சாய்ந்த பிறகுதான் வந்தார். திரும்பும்போது உட்கார இடம் கிடைக்கவில்லையாம். நான் பிள்ளைத்தாய்ச்சி என்று காலையிலேயே பாலும், வீட்டில் இருந்த வாழைப்பழமும் சாப்பிட்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் பச்சைத் தண்ணீரோடு இருந்தார்கள். அம்மா குளித்து ஈரத்தலையோடு எல்லாம் சமைத்து வைத்திருந்தாள். படையலுக்கு வைக்குமுன் எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக்கூடாது என்பதால் உப்பெல்லாம் கைக்கணக்குத்தான். பாசிப்பருப்புப் பாயசம் மட்டும் ஒரே ஒரு கிண்ணம். அதுவும் அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்குப் பிடிக்கும் என்பதற்காக. அதற்கென்று வாங்கிய வெல்லமும் அதோடு தீர்ந்தது.

தாத்தா படத்துக்கு முன்னால் இலை போட்டு, எல்லாம் பரிமாறி, பாயசக் கிண்ணத்தையும் வைத்து, சூடம் காட்டினார்கள். அப்பா சோற்றில் எள்ளும் நெய்யும் விட்டுப் பிசைந்து, புறவாசல் மதில்மேல் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு. எங்கள் வீட்டில் அது மாறியதே இல்லை.

காக்கை வரவில்லை. எப்படி வரும்? அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் எல்லாச் சுவரிலும் சோறு. காக்கைகளுக்குக் கல்யாண வீடு மாதிரி. காலையிலிருந்து வீடு வீடாகத் தின்றுவிட்டு, அடுத்த வீட்டுத் தென்னையில் உட்கார்ந்து மட்டையில் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தன. அப்பா அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார். உத்தியோக காலம் முழுக்க எந்த மேலதிகாரியையும் காக்கா பிடிக்காதவர், அன்றைக்கு ஒரு நிஜக் காக்காயிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கூப்பிடுகிற சத்தம் நின்றது. காக்கை வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தேன். சோறு அப்படியே இருந்தது. அப்பா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்து, ‘எவ அவ?’ என்றார். ஒரு நாளும் அப்படிப் பேசுகிறவர் இல்லை. எல்லாரும் தின்றுவிட்டீர்கள், எனக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை என்று சொன்னார். சொல் ஒவ்வொன்றும் வழுக்கி வழுக்கி வந்தது. பிறகு, ‘பசிக்குதே, பசிக்குதே’ என்றார்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கோபம் வந்தால் தாத்தா அப்படித்தான் ‘எவ அவ’ என்று கேட்பாராம், அதே குரலாம். தர்ப்பணம் கொடுத்த நாள், படையல் முன்னால் இருக்கிறது, காக்கை எடுக்க மறுக்கிறது. அவள் என்ன நினைப்பாள்? இரண்டு கையையும் கூப்பி, கல்யாணமாகி வந்த புதுப்பெண் மாதிரி ஒதுங்கி நின்றாள்.

“மாமா, நாங்க என்ன குறை வச்சோம்? தெரியாமச் செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க.”

அப்பாவின் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினாள். பூசியது நிற்கவில்லை, வழிந்தது. பசிக்கிறது என்று பெரியவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே என்று, அழுதுகொண்டே மதிலுக்கு ஓடிப்போய்க் காக்கையைக் கூப்பிட்டாள்.

வழிந்த அந்தத் திருநீறுதான் எனக்கு விளங்க வைத்தது. ஆடிக் காற்று வீடு முழுக்க வீசுகிறது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். இவருக்கு மட்டும் மார்பிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிய மாதிரி வேர்க்கிறது. கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, நடுங்கியது. டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னது ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது.

அடுக்களைக்கு ஓடினேன், அந்த வயிற்றோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. சீனி டப்பாவைத் திறந்தால் கடுகு. வெல்லத் தாளைப் பிரித்தால் வெறும் தாள். படையலில் வாழைப்பழம் இருந்தது, ஆனால் மெல்லத் தெரியாமல் புரையேறிவிட்டால்? வீட்டில் வேறே இனிப்பு தாத்தாவின் இலைமேல் இருந்த அந்த ஒரு கிண்ணம்தான். எடுத்தேன்.

திரும்பி வந்த அம்மா கிண்ணத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி அவ்வளவு பலமாக இருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

“காக்கா இன்னும் எடுக்கலட்டீ. அது அவுகளுக்கு வச்சது.”

“அவுக போயாச்சும்மா. இவுக இருக்காக.”

அதைக் கத்திச் சொல்லவில்லை. இது தாத்தா இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது, இப்போது கொடுக்காவிட்டால் அப்பாவும் போய்விடுவார் என்று அவள் காதோடு சொன்னேன். அம்மா ஒரு தடவை படத்தைப் பார்த்தாள், ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். பிடியை விட்டாள். விட்டதோடு நிற்கவில்லை, அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

பருப்பை ஒதுக்கிவிட்டு, மேலே நின்ற பாயசத் தண்ணீரை மட்டும் கரண்டி நுனியில் எடுத்து உதட்டில் வைத்தேன். விழுங்கச் சொன்னேன். விழுங்கினார். அடுத்தது. தொண்டை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது. கதவுகள் சாத்திச் சாத்தித் திறந்தன, எழுந்துபோய்க் கொக்கி போட ஆளில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. கிண்ணம் காலியாகி, வெறும் கரண்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவர் கண் என்மேல் வந்து நின்றது. என்னைத் தெரிந்த கண். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார்.

“காக்கா வந்துட்டா?” என்றார்.

மதில் மேல் சோறு தொடாமல் கிடந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டாள், வந்துவிட்டது, நன்றாக எடுத்துவிட்டது என்று. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி என்னை வளர்த்தவள், தாத்தா படத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு சொன்னாள். உடனே சோறு பரிமாறினாள். அப்பா சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார். நான் சிறியாநங்கையைச் சொன்னேன், கைப்பிடி அளவையும் சொன்னேன், விரதத்தையும் சொன்னேன். அவர் இலையைப் பழிக்கவில்லை. அதுவும் சர்க்கரையை இறக்கும், மாத்திரையும் இறக்கும், வயிறும் காலி. இறக்கத்தில் போகிற வண்டியை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டார். இலையை நிறுத்தச் சொன்னார். இனி கீரையாக இருந்தாலும் மருந்தென்று தின்பதை என்னிடம் சொல்லிவிட்டுத் தின்னுங்கள், மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இருக்காதீர்கள் என்றார். மறுநாள் அண்ணாச்சி கேள்விப்பட்டு வந்தார். அவர் ஆடிப்போயிருந்தார். ‘நான் மாத்திரையே போடுததில்லையே வே. நீரு ரெண்டையுமா தின்னீரு?’ என்று அவர் கேட்டபோதுதான், இத்தனை மாதம் கூடவே நடந்தும் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை என்பது தெரிந்தது.

அண்ணாச்சி போனதும் நான் புறவாசலுக்குப் போனேன், எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று. அவ்வளவு கோபம். பயம் என்று சொல்வதுதான் சரி. பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். வேர் மண்ணை விடவில்லை, பட்டைத் தண்டு உள்ளங்கையில் அழுந்தியது. ஆட்டிய ஆட்டில், நான் பறிக்காமல் விட்டிருந்த காய்கள் படபடவென்று வெடித்து, முகத்திலும் புடவையிலும் மண்ணிலும் விதையை வாரி இறைத்தன. ஒன்றைப் பிடுங்கப் போய் நூறை விதைத்துவிட்டேன். அங்கேயே நின்று அழுதேன், சிரிப்பும் வந்தது. செடி என்ன செய்தது? அது பாட்டுக்கு நின்றது.

இப்போதும் என் வீட்டு மாடியில் ஒரு தொட்டியில் சிறியாநங்கை நிற்கிறது. இலை கேட்டு வருகிறவர்களிடம் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், உங்கள் டாக்டருக்குத் தெரியுமா, வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா, இன்றைக்கு விரதமா என்றெல்லாம் கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு இலை வாங்காமலே போய்விடுவார்கள். போகட்டும்.

அந்த ஆடி அமாவாசைக்குப் பிறகு அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். கிண்ணம் காலியானதை அவர் பார்த்திருந்தார். எந்த இலைமேல் இருந்த கிண்ணம் என்பதும் அவருக்குத் தெரியும். காக்கை எடுத்துவிட்டது என்று அம்மா சொன்னதை நம்பினாரா, இல்லையா? நம்பாவிட்டால், அவர் அப்பாவைப் பட்டினி போட்டவள் நான். அதைவிட என்னை அரித்தது அடுத்த அமாவாசை. ஆவணி பிறந்து, வயிறு இறங்கிவிட்டது. நடக்க முடியவில்லை, நடக்காமலும் இருக்க முடியவில்லை. விரதம் இருப்பாரா என்று கேட்கவும் பயம். மறுபடி இருந்தால்? நான் பிரசவத்துக்குப் போன நேரமாக இருந்தால்? அம்மாவிடம் கடுகைக் கொட்டிவிட்டுச் சீனி வாங்கி வைக்கச் சொன்னேன், அவள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வைத்தாள். அதன் பிறகும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அமாவாசையன்று அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா குளித்து, திருநீறு பூசி, பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் வெறும் தட்டு. அம்மா அடுப்பில் இருந்த இட்லிக் கொப்பரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இட்லி எனக்காக வைத்தது.

“ரெண்டு இட்லி வையி,” என்றார் அவளிடம். அவள் அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்குக் காக்கா வரலன்னு எனக்குத் தெரியும்ளா. எங்கப்பா இருந்த வரைக்கும், நான் சாப்பிட்டனான்னு கேக்காம ஒரு நாளும் எலையில உக்காந்தது கெடையாது. இப்ப மட்டும் நான் பட்டினி கெடந்து, அவுக சாப்பிடுவாகளாக்கும்?”

அம்மா தட்டில் இட்லி வைத்தாள். சட்னி தரையில் கொஞ்சம் சிந்தியது. அவர் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, சட்னிக்கு உப்புப் போடவில்லையா என்று கேட்டார். அமாவாசைப் பழக்கத்தில் அவள் ருசி பார்க்காமலே அரைத்து எடுத்திருக்கிறாள். உப்பு ஜாடியை எடுக்க நான் திரும்பினேன். மாத்திரை டப்பா எங்கே என்று தேட மறுபடி திரும்பினேன். எனக்கு அப்போது ஏதாவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

“எல்லாம் அவ எடுப்பா,” என்றார் அப்பா. “நீயும் இங்கன வந்து உக்காந்து சாப்பிடு.”

அன்றைக்குத்தான் அந்த வீட்டில், சொன்னவுடன் உட்கார்ந்தேன்.